கண்ணாடிக் கூட்டில் இருந்த கத்தி

நான் ஒரு நல்ல மனிதரைத் திருடர் என்று ஊர் சொல்லும்படி செய்தேன். அவரைக் கைநீட்டிக் காட்டவில்லை, பொய்யும் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் ஒன்றைச் சொன்னேன், அவ்வளவுதான். அதைச் சொன்னபோது என் சட்டைப் பையில், மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள், ஒரு மடக்குக் கத்தி இருந்தது.

அந்தக் கத்தியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நடுவிரல் நீளத்துக்குப் பிடி, பிடிக்குப் பலா மரம், இரண்டு முனையிலும் பித்தளைப் பூண். அலகு ஒரு பக்கம் மட்டும் சாணை பிடித்தது. மா ஒட்டுக் கட்டுகிறவர்கள் அப்படித்தான் வைத்திருப்பார்கள். இரு பக்கமும் தீட்டினால் வெட்டு நேராக இறங்காது. கேரள எல்லையில் இருக்கும் கோவிந்தாபுரத்துக்கு இந்தப் பக்கம் எனக்கு நாலு ஏக்கர் மாந்தோப்பு. விடிந்ததும் தோப்பில் ஒட்டுக் கட்டிவிட்டு, குளித்து, ஒன்பதரைக்குப் பள்ளிக்கூடம் போய் அறிவியல் பாடம் நடத்துவேன். கத்தியை வீட்டில் வைத்துவிட்டுப் போக மனம் வராது. வழியில் எந்தத் தோட்டத்தில் எந்த மரம் நல்ல துளிர் விட்டிருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

ஆனால் வாத்தியார் கத்தி வைத்திருக்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கரும்பலகையின் மேல்மூலையில் எழுதக் கையைத் தூக்கியபோது கத்தி சட்டைப் பையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். தலைமை ஆசிரியர் சிரிக்கவில்லை. கத்தியைக் காட்டி மலையாளத்தில், "இது என்ன மாஷே, பிச்சாத்தியா?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து அதை மறைத்து வைப்பது எனக்கு ஒரு பாடமாகிவிட்டது. அதில் நான் தேறினேன் என்று இந்த வயதிலும் பெருமையாகத்தான் சொல்வேன்.

வேட்டி மடியில் வைத்தால் உட்காரும்போது முட்டும். எழும்போது கை தானாக அங்கே போகும், பார்க்கிறவன் கண்ணும் கூடவே போகும். எங்கள் பக்கத்து ஆண்கள் வேட்டிக்குள் போடும் பட்டாபட்டி டிராயரின் பை ஆழமானது, நல்ல இடம்தான். ஆனால் அது எல்லாருக்கும் தெரிந்த இடம். வேட்டிமேல் கட்டும் பச்சை பெல்ட்டின் பையும் அப்படியே. பேண்ட் போட ஆரம்பித்த பிறகு, இடுப்புப் பட்டிக்கு உள்பக்கமாகப் பழைய காலத்து வாட்ச் பை போல ஒன்றைத் தைக்கச் சொன்னேன். எதற்கு என்று தையல்காரர் கேட்டார். சாவிக்கு என்றேன். வலது இடுப்பெலும்புக்குச் சற்று முன்னால், படுக்கவைத்த மாதிரி. குனிந்தாலும் தெரியாது, ஸ்கூட்டரில் போனாலும் குத்தாது. சட்டையை மட்டும் ஓர் அளவு பெரிதாகப் போட வேண்டும். என் மனைவிக்கே அந்தப் பை துணி துவைக்கும்போதுதான் தெரிந்தது.

எல்லாவற்றிலும் சிறந்தது கண்ணாடிக் கூடு. நாற்பது வயதில் எனக்குக் கண்ணாடி வந்தது. கண்ணாடி முகத்தில் இருக்கும், கூடு சட்டைப் பையில் இருக்கும். கண்ணாடி வெளியே இருக்கும்போது கூடு ஏன் கனக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. கத்தி உள்ளே ஆடிச் சத்தம் போடாமலிருக்க, கண்ணாடி துடைக்கும் துணியை அதன்மேல் சுற்றிவைப்பேன்.

இந்தக் கெட்டிக்காரத்தனம் ஒரு மரத்தடியில்தான் எனக்கு முழுதாகப் பயன்பட்டது.

என் மனைவியின் பெரியப்பா மகன், எனக்கு மச்சான் முறை, எங்கள் பக்கத்தில் பெரிய தோட்டக்காரர். அவர் தோட்டத்து நடுவில் ஒரு மாமரம். தை பிறப்பதற்கு முன்பே பழுத்துவிடும். சுற்றுவட்டாரத்தில் மற்ற மரங்களில் பிஞ்சுகூடப் பிடித்திராது. அதில் பழம் தொங்கும். நார் கிடையாது, தோல் மெல்லியது. விதை போட்டால் அந்தக் குணம் வராது. அதன் கிளையிலிருந்து குச்சி எடுத்து ஒட்டுக் கட்டினால்தான் வரும். மச்சான் குச்சி கொடுக்க மாட்டார். நானே இரண்டு முறை கேட்டேன். "பொண்ணு கேட்டா யோசிச்சுக் குடுப்பனுங்க மாப்ள. குச்சி கேக்காதீங்க" என்றார்.

அத்தோடு விடவில்லை, தோட்டத்துக்கு ஒரு சட்டமும் வைத்தார். உள்ளே போகிறவர் யாரானாலும் தங்களிடமிருக்கும் கத்தி, அரிவாளை நுழையும் இடத்தில் இருக்கும் மோட்டார் ரூம் ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். கோயிலில் செருப்பைக் கழற்றுவதுபோல இங்கே கத்தியைக் கழற்ற வேண்டும் என்று ஊரில் கேலி செய்வார்கள். ஆனாலும் வைப்பார்கள். கத்தியோடு உள்ளே போக ஒரே ஒருவருக்குத்தான் அனுமதி. தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட ஆள் அவர். ஒட்டுக் கட்டுவதில் தேர்ந்தவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். எங்கள் இரண்டு பேரைத் தவிர அந்தச் சுற்றில் சுத்தமாக ஒட்டுக் கட்ட வேறு யாருக்கும் தெரியாது. மற்ற மரங்களின் செடிகளை அவரிடம் வாங்க ஆட்கள் பொள்ளாச்சியிலிருந்துகூட வருவார்கள்.

ஒட்டுக்கு எடுக்கும் குச்சியை நினைத்தவுடன் வெட்ட முடியாது. பத்து நாள் முன்பே அதன் இலைகளைக் காம்பு மட்டும் நிற்கும்படி நறுக்க வேண்டும். அப்போதுதான் மொட்டு ஊறிப் புடைக்கும். ஆகவே நான் இரண்டு முறை போக வேண்டியிருந்தது. ஆடி முடியும் சமயம், மண் பரிசோதனைக்கு மண் எடுக்கிறேன் என்று உள்ளே போய், சுவர்ப் பக்கம் தாழ்ந்திருந்த கிளையில் ஐந்து நுனிகளின் இலைகளை நறுக்கினேன். ஆவணியில் மச்சான் மகளுக்கு நிச்சயதார்த்தம். வீடு நிறையக் கூட்டம். பட்டுக்கரை வேட்டி, வெள்ளைச் சட்டையோடு போனேன். மரத்தைப் பார்க்கக் கிளம்பிய உறவினர்களோடு நானும் சேர்ந்துகொண்டேன். மோட்டார் ரூமின் முன்னால், எல்லாரும் பார்க்க, டிராயர் பையிலிருந்து ஒரு பழைய பேனாக்கத்தியை எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்தேன்.

மச்சானுக்கு அவ்வளவு சந்தோஷம். "பாத்துக்கங்கடா, வாத்தியாரே வெக்கறாரு" என்றார்.

கூட்டம் திரும்பியபோது நான் பின்தங்கினேன். கண்ணாடிக் கூட்டைத் திறந்து, ஐந்து குச்சிகளையும் ஒரே சாய்வில், பட்டை கிழியாமல் வெட்டினேன். அவர் வீட்டில் கொடுத்த தாம்பூலப் பையில் இருந்த ஈர வெற்றிலையிலேயே அவற்றைச் சுற்றி, தேங்காய்க்கு அடியில் வைத்து எடுத்து வந்தேன். ஒட்டுக் கட்டியதில் மூன்று பிடித்தன.

நாலாம் நாள் மச்சான் ஆள் அனுப்பினார். போனேன். மரத்தடியில் தோட்டத்து ஆட்கள் நின்றார்கள். ஒட்டுக்காரர் தலைகுனிந்து நின்றார். மச்சான் கிளையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"மாப்ள, நீங்க படிச்சவங்க, பாத்துச் சொல்லுங்க. இது ஏதோ பையன் ஒடிச்சதா, ஆடு கடிச்சதா, இல்ல கை தெரிஞ்சவன் வெட்டா?"

ஐந்து வெட்டுகளையும் பார்த்தேன். நாலு நாளில் காய்ந்தும் ஓரம் பிசிறாமல் கண்ணாடி மாதிரி இருந்தன. அந்த நிமிடம் எனக்கு எழுந்தது பயமல்ல, பெருமை. அதை இன்றுவரை மறக்க முடியவில்லை.

"கை தெரிஞ்சவன் வெட்டுத்தானுங்க மச்சான்" என்றேன். "நல்ல ஒட்டுக்காரன் வெட்டு."

எல்லாரும் ஒட்டுக்காரரைப் பார்த்தார்கள். அவர் என்னைத்தான் பார்த்தார். வாத்தியாராவது தனக்காக ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்க்கும் மாணவனின் பார்வை அது. நான் காப்பி வாங்கிக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அவரை அன்றே நிறுத்திவிட்டார்கள். குச்சித் திருடர் என்று பேர் ஆனபிறகு எந்தத் தோட்டத்திலும் அவரைக் கத்தியோடு உள்ளே விடவில்லை. ஆறு மாதத்தில் குடும்பத்தோடு இடுக்கிப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

என் மூன்று மரங்களும் வளர்ந்தன. சேலம் பக்கத்து நர்சரிச் செடி என்று கேட்டவர்களிடம் சொன்னேன். ஒரு கொப்பைக்கூடக் காற்றுக்குக் கொடுக்காமல் வளர்த்தேன். வெளியூர் வியாபாரிகள் அந்தப் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முகர்வதைப் பார்த்து மார்பு விரிந்திருக்கிறது. ஒரே ஒரு சிரமம்: மார்கழி, தை மாதங்களில் மச்சான் என் வீட்டுக்கு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இருபது வருடத்துக்கு மேல் அதற்குக் காரணம் கண்டுபிடித்தேன்.

போன வருடம் ஆடிக் காற்றில் தாய்மரம் வேரோடு சாய்ந்தது. உள்ளே கறையான் அரித்திருந்தது. போய்ப் பார்த்தேன். மச்சானுக்கு எண்பது தாண்டிவிட்டது. கட்டிலைக் கொண்டுவரச் சொல்லி, விழுந்த மரத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். குச்சி எடுக்கலாம் என்றால் ஒரு துளிர்கூட உயிரோடு இல்லை. என்னைப் பார்த்ததும் சொன்னார்:

"அன்னைக்கு அவன் திருடுனது எங்கியாச்சும் உசுரோட இருந்துச்சுன்னா, அவன் கால்ல உழுந்தாவது வாங்குவனுங்க மாப்ள."

அவன் கால்ல என்றார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

மச்சானிடம் அன்றே சொல்லியிருக்கலாம். ஆனால் முதலில் சொல்ல வேண்டியவர் வேறு. விசாரித்து இடத்தைத் தெரிந்துகொண்டு, பொள்ளாச்சி, திண்டுக்கல், தேனி, கம்பம் என்று பஸ் மாறி, குமுளி ஏறி, சக்குபள்ளம் போய்ச் சேர்ந்தேன். வழி முழுவதும் கத்தி கண்ணாடிக் கூட்டில்தான் இருந்தது. பழக்கம்.

ஏலக்காய் எடுப்பு ஆரம்பித்திருந்தது. அவர் இப்போது அங்கே சூப்பர்வைசர். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டு, "வாங்க வாத்தியாருங்க, இவ்ளோ தூரம்?" என்று மழைக்குப் போர்த்தும் பிளாஸ்டிக் தாளை விரித்து உட்கார இடம் கொடுத்தார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இலை நறுக்கியது, நிச்சயதார்த்தம், வெற்றிலை, நான் சொன்ன பதில்.

அவர் ஒரு செடியின் அடியில் கிடந்த சருகைக் காலால் விலக்கிக்கொண்டே இருந்தார். பிறகு, "கத்தி எங்கீங்க வெச்சிருந்தீங்க? நீங்க கட்டையில வெச்சத நானே பாத்தேன்" என்றார்.

கூட்டை எடுத்துக் கொடுத்தேன். திறந்து பார்த்தார். துணியை விலக்கினார், கத்தியை விரித்தார், கட்டைவிரல் நகத்தில் கூர் பார்த்தார்.

"கண்ணாடிக் கூட்டுல" என்றார். "என்ற சம்சாரம் அப்பவே சொன்னா, வாத்தியாரா இருக்கும்னு. படிச்சவங்களப் பேசாதேன்னு அவள நாந்தான் திட்டுனேன்."

என் தோப்பிலேயே அவருக்குப் பாதி இடம் எழுதித் தருகிறேன் என்றேன். வரும் வழியில் பெரிய மனதோடு தீர்மானித்திருந்தேன்.

"எடத்தக் குடுத்து இதை இங்கியே முடிச்சுட்டுப் போலாம்னு பாக்கறீங்களா? எனக்கு ஒண்ணும் வேண்டாமுங்க. அன்னைக்கு எங்க நின்னு சொன்னீங்களோ அங்க நின்னு சொல்லோணும். அத்தன பேருக்கும் கேக்கறாப்ல. நானும் பக்கத்துல நிப்பேன்."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கத்தியை மடக்கித் திருப்பிக் கொடுக்கும்போது, "வெட்டு நல்ல வெட்டுத்தான்" என்று மட்டும் சொன்னார்.

ஊர் திரும்பியதும் என் மரங்களில் நல்ல துளிர்களாகப் பார்த்து இலைகளை நறுக்கினேன். பத்தாம் நாள் குச்சிகளை வெட்டி ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு மச்சான் தோட்டத்துக்குப் போனேன். ஒட்டுக்காரர் வந்திருந்தார். மச்சானும், அன்றைய ஆட்களில் உயிரோடிருந்த நாலைந்து பேரும், அவர்கள் பிள்ளைகளும் மரம் விழுந்த பள்ளத்தைச் சுற்றி நின்றார்கள். வகுப்பில் பேசும் குரலில் சொன்னேன். எனக்கு அந்தக் குரல்தான் வரும். சொல்லி முடித்துக் குச்சிகளை நீட்டினேன்.

மச்சான் குச்சிகளை வாங்கி ஈரத்துணியைப் பிரித்துப் பார்த்தார். பிறகு, "அன்னைக்கு நான் உங்களத்தானே கேட்டேன்" என்றார். தடியை ஊன்றி ஒட்டுக்காரர் பக்கம் திரும்பி, "தம்பி, நீ கட்டிக் குடுப்பியா?" என்றார். சொன்னபடி அவர் காலிலும் குனியப் பார்த்தார். ஒட்டுக்காரர் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

வெயில் தாழட்டும் என்று எல்லாரும் வெளியே வந்திருந்தோம். ஒட்டுக் கட்ட வளர்த்த வேர்ச்செடிகள் தோட்டத்துக்குள், நிழல்பந்தலில் இருந்தன. எல்லாரும் மறுபடி மோட்டார் ரூமைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒட்டுக்காரர் ஜன்னலுக்கு முன்னால் நின்றார். டிராயர் பையிலிருந்து தன் கத்தியை எடுத்தார். கட்டையைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். பிறகு கத்தியைத் தன் சட்டைப் பையில், பிடி பாதி வெளியே தெரியும்படி செருகிக்கொண்டு உள்ளே நடந்தார். மச்சான் அவர் பின்னால் போனார்.

என்னை யாரும் கூப்பிடவில்லை. கண்ணாடிக் கூட்டைத் திறந்து, கத்தியை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, வெளியிலேயே நின்றேன். அங்கிருந்து அவர் கை மட்டும் தெரிந்தது. ஒரே இழுப்பில் சாய்வு விழுந்தது. என் வெட்டைவிட அது நன்றாகவே இருந்தது. இருபது வருடத்துக்கு மேல் ஏலச்செடியோடு இருந்த கை அது.

பன்னிரண்டு செடிகளில் ஒன்பது பிடித்தன. கார்த்திகையில் செம்புநிறத் துளிர் விட்டதைப் பார்க்க ஒட்டுக்காரர் சக்குபள்ளத்திலிருந்து வந்து போனார் என்று கேள்விப்பட்டேன். இங்கேயே தங்கிவிடச் சொல்லி மச்சான் கேட்டாராம். எடுப்பு முடியட்டும் என்றாராம். மச்சான் என்னோடு இன்னும் பேசுவதில்லை. ஊரில் சிலர் என்னைக் கண்டால் சட்டைப் பையைப் பார்க்கிறார்கள். அதில் இப்போது கண்ணாடிக் கூடு மட்டும்தான் இருக்கிறது. கத்தி அந்த ஜன்னல் கட்டையிலேயே கிடக்கிறது. எடுக்கச் சொல்லி அவர்களும் ஆள் அனுப்பவில்லை, நானும் போகவில்லை.