அவர் ஆசைப்பட்டு வாங்கிய கவர்

ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றில் வேலை செய்கிறேன். பழைய தபால் கவர்கள் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. அந்தக் காலக் கவர்களின் மூலையில் தபால்தலை மேடாகப் புடைத்து அச்சாகியிருக்கும். என்னிடமிருந்த ஒன்றில் மை விழாமல் வெறும் புடைப்பு மட்டும் இருந்தது. வேலூர் லாங் பஜாரில் பழைய நாணயம், தபால்தலை விற்கும் ஒருவரிடம் அதைக் காட்டினேன்.

"இது வேஸ்ட்டுமா. வெச்சிட்டுப் போ, வேற நல்ல கவரா தர்றேன்" என்றார். நம்பிக் கொடுத்தேன்.

சில மாதங்களில் ஒரு கண்காட்சியில் அதே கவர், 'அரிய அச்சுப்பிழை' என்று அவர் பெயரில் கண்ணாடிக்குள் இருந்தது. கேட்டதற்கு, "உன்னுதுன்னு இன்னா ஆதாரம்?" என்று சிரித்தார்.

வீட்டில் சாதாரண கவர் ஒன்றை லேசாக ஈரப்படுத்தி, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துப் புடைப்பை மட்டமாக்கினேன்; மை மட்டும் நின்றது. பழசை மறந்தவள் போல அதை அவரிடம் நீட்டி, "இது இன்னாண்ணா, மேடே இல்ல?" என்று மட்டும் கேட்டேன். "இதுவும் வேஸ்ட்டுதான்" என்று பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார்.

அடுத்த கண்காட்சியில் அதையும் 'அரிய அச்சுப்பிழை' என்று வைத்திருந்தார். நடுவர் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, "இஸ்திரி போட்டு ஏமாத்துறீங்களா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். கடைக்காரர் வைத்திருந்த கவர்கள் அத்தனையும் நீக்கப்பட்டன. கூட்டத்தில் நின்று ஆசைதீரப் பார்த்தேன்.

என் கவர் திரும்பி வரவில்லை. இப்போது எதையும் போட்டோ எடுத்து வைத்த பிறகே வெளியே காட்டுகிறேன். லாங் பஜார் போனால் அவர் கடை வாசலில் நின்று, "இன்னாண்ணா, சௌக்கியமா?" என்று சத்தமாகக் கேட்காமல் திரும்புவதில்லை.

– எஸ்தர், ஆம்பூர்