வாரின் அகன்ற முனை

பஞ்சர் கடையை அரைகுறையாகச் சாத்திவிட்டு அவள் நடந்த வேகத்தில் தெருநாய்கூட எழுந்து ஓரம் போனது. தம்பி கண்ணில் கட்டோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். "அவன் அக்கா செஞ்ச உண்டிவில்லுதான் கண்ணைப் பறிக்கப் பாத்துச்சு" என்று அவன் வேலையிடத்து சூப்பர்வைசர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறாராம். அது காதில் விழுந்ததிலிருந்து அவளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது.

மின்கம்பிமேல் சாயும் கிளைகளை வெட்டும் கூட்டத்தில் தம்பிக்கு வேலை. ஆள் ஏற முடியாத கிளைக்கு மேலாக உண்டிவில்லால் ஓர் ஈயக்குண்டை அனுப்புவார்கள். குண்டின் வாலில் தூண்டில் நரம்பு, நரம்பின் வாலில் கயிறு. கயிறு மட்டும் அந்தப் பக்கம் இறங்கிவிட்டால் கிளை கைக்கு வந்த மாதிரிதான். எட்டு வருஷமாக அந்த உண்டிவில்களைச் செய்துகொடுப்பவள் அவள். பஞ்சர் ஒட்டுவதால் ஊருக்கே அவள் ஒட்டக்கா. டியூபைத்தான் ஒட்டுவாள், மனுஷரோடு ஒட்டமாட்டாள் என்பது தம்பியின் கேலி.

உண்டிவில்லுக்கு லாரி டியூபை அவள் தொடவே மாட்டாள். இழுத்தால் தோள்பட்டை போகுமே தவிர குண்டு போகாது. ஆஸ்பத்திரி ரப்பர் குழாய் நன்றாகச் சீறும், ஆனால் ஒரு மாச வெயிலுக்கே மேலெல்லாம் மயிரிழையாக வெடித்துவிடும். பழைய சைக்கிள் டியூப்களைக் கன்னம் வரை இழுத்துவிட்டு, சத்தத்தைக் கேட்டுப் பொறுக்குவாள். குண்டுக்கு முதலில் நட்டு போட்டுப் பார்த்தாள், அது கிளையிடுக்கில் மாட்டிக்கொண்டது. கூழாங்கல்லில் நரம்பு நிற்கவில்லை. கடைசியில் மீன்பிடிக்கிறவர்களின் ஈயக்குண்டுதான் எதிலும் சிக்காமல் வழுக்கி இறங்கியது.

ஆனால் அவள் கெட்டிக்காரத்தனமெல்லாம் வெட்டில் இருந்தது. டியூபிலிருந்து அறுத்த வாரின் ஒரு முனையை அகலமாகவும் மறுமுனையைக் குறுகலாகவும் வெட்டுவாள். அகன்ற முனை கவட்டையில், குறுகிய முனை குண்டு வைக்கிற தோலில். எந்த வாரும் ஒருநாள் அறும். மெலிந்த இடத்தில்தான் அறும். தோல் பக்கம் அறுந்தால் வார் முன்னால் ஓடிவிடும். கவட்டைப் பக்கம் அறுந்தாலோ எய்தவன் மூஞ்சிக்கே திரும்பும். அவள் கன்னத்தில் அப்படி ஒரு தழும்பு உண்டு.

சூப்பர்வைசர் அறையில் நாற்காலி இருந்தும் அவள் உட்காரவில்லை.

"என் வார் மூஞ்சிக்குத் திரும்பாது சார். யாரோ கைவெச்சிருக்காங்க. அந்த உண்டிவில்லை எடுங்க."

"ஏம்மா, நிதானமாப் பேசு."

"தம்பி கண்ணுல கட்டுப் போட்டுக் கிடக்கிறான். நிதானத்தை வீட்டுலயே வெச்சிட்டு வந்திருக்கேன்."

அவர் இழுப்பறையிலிருந்து அதை எடுத்து மேஜைமேல் போட்டார். "நீயே பாத்துச் சொல்லு. பொருள்ல கோளாறுன்னா இது விபத்து, மருத்துவம் ஆபீஸ் பாத்துக்கும். அவனே கழட்டி மாத்தியிருந்தான்னா வேலை போச்சு. எதை எழுதட்டும்?"

அவள் கையிலெடுத்தாள். வார் தலைகீழாகக் கட்டப்பட்டிருந்தது. தோல் பக்கம் நைந்துபோன குறுகிய முனையைக் கவட்டைக்கு மாற்றி, நல்லபடி இருந்த அகன்ற முனையைத் தோலில் கட்டியிருக்கிறார்கள், இன்னும் ஒரு வாரம் ஓட்டலாம் என்று. அறுந்தது கவட்டையோரத்தில். அங்கே மிச்சம் நின்ற துண்டில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று முடிச்சு. செருப்பு வாரிலிருந்து மூட்டை வரைக்கும் மூன்று முடிச்சு போடுகிற ஆள் அவள் அறிந்து ஒருத்தன்தான்.

எட்டு வருஷமாகச் சம்பாதித்த பேர். "ஒட்டக்கா வில்லுன்னா கண்ணை மூடிட்டு இழுக்கலாம்" என்று அந்தக் கூட்டமே சொல்லும்.

"நான் கட்டினதுதான்" என்றாள்.

"இப்பதானே வேற மாதிரி கத்தின?"

"பாக்காம கத்தினேன். இப்ப பாத்துட்டுச் சொல்றேன். எழுதுங்க. எட்டு வருஷமா ஒரு வில்லுகூட வாங்கித்தர வக்கில்லாத ஆபீஸுன்னும் சேர்த்து எழுதுங்க."

அவர் அதை எழுதவில்லை. "இனிமே எங்க ஆளுங்க உன்கிட்ட எதுவும் வாங்கக்கூடாதுன்னு சொல்லிடுவேன்" என்று மட்டும் சொன்னார். பேனா தாளைக் கிழிக்கும்படி அழுத்திக் கையெழுத்துப் போட்டாள்.

ஆஸ்பத்திரியில் தம்பி ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்துவிட்டு உடனே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இந்தப் பக்கம் திரும்புடா. எந்த முனை எங்க கட்டணும்னு உனக்குத் தெரியாது?"

"தெரியும்."

"புது வார் கேட்டா குடுத்திருக்க மாட்டேனா?"

"போன வாரம் கேட்டேன்க்கா. ஊர்ல இருக்கிற டியூபெல்லாம் உனக்கே அறுத்துப் போடணுமான்னு கத்தின. கடை முன்னாடி நாலு பேர் நின்னாங்க."

அவளுக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கு யார்மேலேயோ இருந்த கோபம். யார்மேல் என்பதுகூட இப்போது நினைவில்லை. இப்போது யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

"ஆபீஸ்ல என்ன எழுதினாங்க?" என்றான்.

"என் வில்லு மட்டம்னு."

அவன் மெல்லத் திரும்பினான். "நான் போய்ச் சொல்லிடறேன்க்கா."

"வாயைத் தொறந்தே, இருக்கிற கண்ணையும் நானே எடுத்துடுவேன். பேசாமப் படு."

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். பல் இன்னும் நறநறத்தது. போர்வை அவன் காலடியில் சுருண்டு கிடந்தது. அதை வெடுக்கென்று இழுத்து அவன் மார்வரை போர்த்திவிட்டாள்.