திரையில் காணாமல் போன பதினைந்து கம்ப்யூட்டர்கள்

அந்தத் திங்கட்கிழமை ஸ்ரீரங்கத்திலிருந்து நான் வந்த பஸ் காவிரிப் பாலத்திலேயே அரை மணி நேரம் நின்றது. எரிச்சலோடு காலேஜுக்குள் நுழைந்தால், என் அறை வாசலில் ஆய்வு மாணவி ஒருத்தி காத்திருந்தாள். உப்பிலியபுரத்திலிருந்து தினமும் வந்து போகிறவள்.

"மேடம், நான் போட்ட கணக்கோட ரன் நின்னு போச்சு. ஒன்பது நாளா ஓடிட்டிருந்தது."

என் பொறுப்பில் பதினாறு கம்ப்யூட்டர்கள். எல்லாம் சேர்ந்து ஒரே பெரிய கணக்கைப் போடும். கிளஸ்டர் என்போம். எது சூடாகிறது, எது திணறுகிறது என்று காட்ட ஒரு கண்காணிப்பு மென்பொருள் உண்டு. அதைத் திறந்தேன். பதினாறில் ஒன்றுதான் தெரிந்தது. சனிக்கிழமையே ஒரு கம்ப்யூட்டரின் விசிறி நின்று, சூடேறி அணைந்திருக்கிறது. அவளுடைய கணக்கும் அதோடு போயிருக்கிறது. எனக்கு வரவேண்டிய எச்சரிக்கை மெயில் வரவே இல்லை.

காரணம் தேட ஒரு மணி நேரம் ஆனது. எங்கள் கம்ப்யூட்டர்கள் தங்கள் நிலவரத்தை மல்டிகாஸ்ட் முறையில், அதாவது குழு முழுவதற்கும் ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருந்தன. வெள்ளிக்கிழமை நெட்வொர்க் பிரிவு கம்ப்யூட்டர்களை இணைக்கும் புது சுவிட்ச் மாட்டி, மல்டிகாஸ்டை அடைத்துவிட்டது.

நேராக அங்கே போனேன். "அதைத் திறந்து விடுங்க சார்."

"முடியாதுங்க மேடம்," என்றார் அதிகாரி. "உங்க மெஷின் பேசுறது ஹாஸ்டல் லைன் வரைக்கும் போகுது. ஏதாவது ஒரு மெஷினுக்கு மட்டும் நேரா அனுப்பச் சொல்லுங்க."

"முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சர்க்குலர் அனுப்பினோமே!"

அனுப்பியிருந்தார்கள். எனக்கு இல்லை, எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவருக்கு.

திரும்பி வந்து, முதலில் ஆளைக் கூப்பிட்டு விசிறியை மாற்றினேன். பிறகு ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் குழு முகவரியை அழித்து, தகவலைச் சேகரிக்கும் ஒரு கம்ப்யூட்டரின் முகவரியை எழுதினேன். பதினோராவதில் ஒரு புள்ளியை விட்டுவிட்டு, அது ஏன் தெரியவில்லை என்று முக்கால் மணி நேரம் முட்டிக்கொண்டேன். மூன்று மணிக்குப் பதினாறும் திரையில் வந்தன. சரிதானா பார்ப்போம் என்று சேகரிக்கும் கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டேன்.

திரை மறுபடி காலி.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. புளித்துப்போன தயிர்சாதத்தைத் தின்றபடி மென்பொருளின் கையேட்டை வரிவரியாகப் படித்தேன். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் 'நான் இன்னார், என்னிடம் இவையெல்லாம் உண்டு' என்று கிளம்பும்போது ஒருதரம் மட்டும் சொல்லுமாம். கேட்ட கம்ப்யூட்டர் அணைந்து அதை மறந்துபோனால் குழுவில் மறுபடி கேட்டுக்கொள்ளலாம். நேராக அனுப்பும் முறையில் அப்படிக் கேட்க வழியில்லை. அதனால் எத்தனை நொடிக்கு ஒருதரம் திரும்பச் சொல்ல வேண்டும் என்று நாமே எழுத வேண்டும். அங்கே பூஜ்யம் என்றிருந்தது. முப்பது என்று மாற்றினேன், பதினாறிலும். அணைத்துப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் எல்லாம் திரும்பி வந்தன.

மாணவியைக் கூப்பிட்டுக் கணக்கை முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னேன். இந்த வாரம் தன் கைடிடம் காட்டுவதாக இருந்தாளாம். அவள் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"பரவாயில்லை மேடம், இன்னொரு ஒன்பது நாள்தானே," என்றாள்.

இந்த முறை ஓடி முடிந்தது. ஆனால் அந்தச் சனிக்கிழமை காலை வீட்டிலிருந்தே கண்காணிப்புத் திரையை ஒருமுறை திறந்து பார்த்திருக்கலாம். சுவிட்ச் மாட்டியவர்கள்மேல் வந்த கோபம் ஆறிவிட்டது. என்மேல் வந்தது இன்னும் ஆறவில்லை.