பொட்டணத்தின் காலும் ஒரு வருஷ இஸ்திரியும்

இஸ்திரி போடுதவனுக்கு ஆட்களை முகத்தை வச்சுத் தெரியாது, சட்டையை வச்சுத்தான் தெரியும். செம்பூர்ல ஒரு பழைய பில்டிங் கேட் ஓரமா என் மேசை கெடக்கு. தாராவியிலேருந்து காலம்பற பஸ் ஏறி வந்து கரியைப் பத்தவச்சேன்னா, பொழுது சாயுற வரைக்கும் அங்கேயேதான். மத்தியானத்துல, தண்ணி தெளிச்ச துணியிலேருந்து கிளம்புற ஆவியும் தூங்குமூஞ்சி மரத்து நிழலும் சேந்து ஆளைக் கிறங்கடிச்சிரும். கை அது பாட்டுக்கு ஓடும், மனசு எங்கயோ போயிரும்.

நாய் வளத்து, அதுக்கு ஒண்ணு ஆகி, ஆஸ்பத்திரியில ரேட்டைக் கேட்டுட்டு உக்கார நாற்காலி தேடுன மகராசங்க நீங்களும் இருப்பிய. உங்களுக்குத்தான் இதைச் சொல்லுதேன். மத்தவங்ககிட்ட சொன்னா, 'ஒரு நாய்க்குப் போயா?'ன்னு கேப்பாங்க. கேட்டுட்டுப் போறாங்க.

மூட்டை ஒண்ணு கூடிப்போச்சு

ஒவ்வொரு வீட்டுத் துணியையும் ஒரு பழைய பெட்ஷீட்ல மூட்டையாக் கட்டி மேசைக்கு அடியில போட்டு வைக்கிறது எங்க தொழில் வழக்கம். ஒரு மழைக்காலத்துல, என்னடா இது, மூட்டை ஒண்ணு கூடுதலா இருக்கேன்னு பிடிச்சு இழுத்தா, அது கண்ணை முழிச்சு என்னைப் பாக்குது. கறுப்புக் குட்டி, பொட்டை. பொட்டணம்னு பேரு வச்சேன். கரிச் சூடு பிடிச்சுப்போய் அங்கேயே தங்கிருச்சு.

அது முடி யார் துணியிலயாவது ஒட்டத்தான் செய்யும். முதல் மாடி ஜானகி மாமி இருக்காங்களே, பாலக்காட்டுக்காரங்க, பெரிய ஆபீசரா இருந்து ரிடையர் ஆனவங்க. அவங்க படி இறங்கி வந்தாலே பொட்டணம் எந்திரிச்சு நின்னு வாலை ஆட்டும். அவங்க அதைக் கண்டுக்கிடாம, வாரம் ஒருக்க புடவையை வெயில்ல விரிச்சுக் காட்டி என்னைக் காய்ச்சி எடுத்துருவாங்க. மூணாம் மாடி மராத்திக்காரர் வேற ரகம். பேண்ட் நிறைய நாய் முடியோட ஆபீஸ் போயிட்டு வந்து இந்தியில சொன்னார்: "எங்க வீட்ல நாய் இருக்குன்னு ஆபீஸ்ல எல்லாரும் நினைக்காங்க அண்ணா. நானும் ஆமான்னு சொல்லிட்டேன். பிஸ்கட் வாங்கியாச்சு, இந்தா குடு."

டாக்டர் சொன்னது

பொட்டணம் வெயில் காஞ்சுக்கிட்டுத் தூங்குற நேரத்துல ஒரு கார் ரிவர்ஸ் எடுத்துச்சு. அந்தச் சத்தம் இன்னும் என் காதுல கெடக்கு. ஓடிப்போய்த் தூக்குதேன், பின்னங்கால் ஒண்ணு துவண்டு தொங்குது. கடிக்கலை. என் மணிக்கட்டை வாயில வச்சுக்கிட்டு, கடிக்காம, அப்படியே நடுங்குச்சு. ஆட்டோவுல போகையில நான் வாய்விட்டு அழுதேன். அதுல என்ன வெக்கம்?

டாக்டரம்மா படம் எடுத்துப் பாத்துட்டு, தொடை எலும்பு ரெண்டா முறிஞ்சிருக்கு, பிளேட் வச்சு ஸ்குரூ போடணும்னாங்க. ரேட்டைச் சொன்னாங்க. நாலு மாசம் சோறு திங்காம இஸ்திரி போட்டாத்தான் அவ்வளவு வரும். "அம்மா, நாலு காலுக்கா சொல்லுதிய? முறிஞ்சது ஒரு கால்தான்"னு கேட்டுட்டேன். பதட்டத்துல வந்துருச்சு. அந்தம்மா சிரிக்கலை. பொட்டணத்துக் காதைத் தடவிக்கிட்டே சொன்னாங்க: "ஆபரேஷன் பண்ணலேன்னாலும் உயிரோட இருக்கும். எழுந்து நிக்காது. நீங்க யோசிச்சுச் சொல்லுங்க."

செல்வி கணக்கு

என் வீட்டுக்காரி செல்விக்கு நாய்னா ஆகாது. அப்படித்தான் நான் நினைச்சிருந்தேன். தாராவி வீட்ல மேல ஏறுற ஏணிக்குக் கீழ பொட்டணத்தைப் படுக்கப் போட்டா, முணுமுணுத்துக்கிட்டே என் பழைய வேட்டியைக் கிழிச்சு அடியில விரிச்சா. கஞ்சியை ஆத்தி வாயில ஊத்துனா. "எதுக்கு இப்படிப் பாக்குத, சனியனே"ன்னு அதைத் திட்டுனா. அவ கண்ணுல தண்ணி.

யார்கிட்ட கடன் கேக்கலாம்னு நான் ஒவ்வொருத்தர் பேராச் சொல்லிக்கிட்டு இருந்தேன். சொந்தக்காரங்க, கூட்டாளிங்க, சீட்டு பிடிக்கிறவர். ஒவ்வொரு பேருக்கும் அவ தலையை ஆட்டுனா, ஆகாதுன்னு. கடைசியில ஒரே போடாப் போட்டா: "நீங்க எல்லார்கிட்டயும் மாசம் முடிஞ்சுதான துட்டு வாங்குதிய? இந்த ஒருக்க ஒரு வருஷத்துக்கு முன்னாலயே வாங்குங்க. துட்டைக் கேக்காதிய, துணியைக் கேளுங்க!"

அட்வான்ஸ் இஸ்திரி

மாடி மாடியா ஏறுனேன். கதவைத் திறப்பாங்க. "ஒரு வருஷ இஸ்திரிக்கு இப்பவே குடுத்தா..."ன்னு ஆரம்பிச்சு, முடிக்கத் தெரியாம நிப்பேன். ஒருத்தர் கதவைச் சாத்திட்டார். ஒரு அம்மா, உள்ள போயி ரொம்ப நேரம் கழிச்சு வந்து, குடுத்தாங்க. அஞ்சாம் மாடியில ஒரு தமிழ்ப் பையன், கம்ப்யூட்டர் வேலை, இந்நாள் வரைக்கும் என்கிட்ட ஒரு கர்சீப் போட்டதில்லை. போன்லயே துட்டை அனுப்பிட்டுச் சொன்னான்: "அண்ணாச்சி, என்கிட்ட இருக்கிறதே நாலு டி-ஷர்ட்டுதான். ஒரு வருஷம் நல்லாப் போட்டுக்கிட்டே இருங்க."

அப்படியும் பாதிக்குப் பக்கத்துல குறையுது. ஜானகி மாமி வீட்டுக்கு நான் போகவே இல்லை. போயி என்னத்தைக் கேக்க? அவங்களே இறங்கி வந்தாங்க. மேசைக்கு அடியில குனிஞ்சு பாத்தாங்க. காலியா இருந்துச்சு. எவ்வளவு குறையுதுன்னு கேட்டு, கையோட கொண்டுவந்திருந்த செக்ல எழுதிக் குடுத்தாங்க. நான் கும்பிடப் போனதும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க: "ஒரு வருஷத்துக்கு இஸ்திரி. ரோமம் ஒட்டித்தோ, பாத்துக்கோ!"

பெஞ்சுல ஒரு மத்தியானம்

ஆபரேஷன் அன்னைக்கு வெளியில பெஞ்சுல உக்காந்திருந்தேன். உள்ள அதை மயக்கத்துல போட்டிருக்காங்க. வெளியில எனக்கும் மயக்கம் மாதிரிதான் இருந்துச்சு. மேல ஃபேன் மெதுவாச் சுத்துது. ஜன்னல் வழியா வெயில் தரையில விழுந்து, கொஞ்சங் கொஞ்சமா நகந்து என் செருப்புகிட்ட வருது. அந்த வெளிச்சத்துல பொட்டணம் எந்திரிச்சு ஓடுற மாதிரி தோணுது. கண்ணைச் சிமிட்டுனா இல்லை. திருப்பியும் ஓடுது. ஊர்ல உள்ள சாமி பேரெல்லாம் எனக்கு மறந்துபோச்சு.

பக்கத்துல ஒரு குஜராத்தி அம்மா, மடியில பூனை. ரொம்ப நேரமா என்னையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அப்பந்தான் கவனிக்கேன், என் வலது கை தொடை மேல முன்னும் பின்னும் தேச்சுக்கிட்டே இருக்கு. அந்தம்மா மெதுவா என் கையைத் தொட்டு இந்தியில சொன்னாங்க: "போதும் அண்ணா, பேண்ட்ல சுருக்கமே இல்லை."

துட்டு வராத மாசங்கள்

ஆபரேஷன் நல்லா முடிஞ்சுது. பொட்டணம் மேசைக்கு அடியில பழைய இடத்துக்கு வந்துருச்சு. திங்கும், வாலை ஆட்டும், என்னைப் பாக்கும். எந்திரிக்க மட்டும் செய்யலை. எலும்பு கூடிருச்சு, பயத்துல காலை ஊனமாட்டேங்குது, அதுவா மனசு வைக்கணும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. யார் மனசு வைக்கிறது, எப்ப வைக்கிறது?

துணி வரும், போகும், துட்டு வராது. செல்வி வீட்டு வேலைக்குப் போயி அரிசி வாங்குனா. நான் கனவுல நடக்குதவன் மாதிரி இஸ்திரிப் பெட்டியைத் தள்ளிக்கிட்டு நின்னேன். ஆவி கிளம்பும், சட்டைக் கை ஒண்ணு காத்துல தூக்கும், கீழ அது மூச்சு விடுற சத்தம் கேக்கும். அந்தச் சத்தம் கேட்டா எனக்குப் போதும்னு இருந்துச்சு. ஒருநாள் ஒருத்தர் துணியை வாங்கிட்டு நோட்டை நீட்டுனார். "ஐயோ வேண்டாம், நீங்கதான் ஒரு வருஷத்துக்குக் குடுத்துட்டியளே, உங்க புண்ணியத்துலதான் பொட்டணம் இருக்கு"ன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் முழிச்சார்: "அட, நான் இந்த பில்டிங்குக்குக் குடிவந்தே ரெண்டு வாரம்தான் ஆகுது!"

முதல் மாடி காலியாகுது

ஜானகி மாமி மகனுக்கு பெங்களூருக்கு மாத்தல் ஆயிருச்சு. மாமி குடுத்ததுல கால்வாசி கூட நான் போட்டுத் தீக்கலை. கையில காசும் இல்லை. மாடி ஏறிப்போய், "மாமி, மிச்சத்தை மாசாமாசம் அனுப்பிருதேன்"னு சொன்னேன். அவங்க விறுவிறுன்னு உள்ள போயிட்டாங்க.

மறுநாள் மூட்டை மூட்டையா இறங்குச்சு. பட்டுப் புடவை, திரைச்சீலை, தலகாணி உறை, அவங்க ஆபீஸ் காலத்துக் காட்டன் புடவைங்க, கடைசியில அடுப்பு மேடை துடைக்கிற துணி. எல்லாத்தையும் போட்டேன். கரி தீர்ந்து வாங்கி வந்து போட்டேன். அந்த அடுப்புத் துணியை நீட்டி மடிச்சு வைக்கையில, "இது எதுக்கு மாமி, பெட்டியில திணிச்சுக்கிட்டுப் போகப் போறியளே?"ன்னு கேட்டுட்டேன். மாமி ஒரு முறை முறைச்சாங்க: "கணக்கு தீரணுமோல்லியோ? நீ பாக்கி வச்சுண்டு தூங்கமாட்டாய், எனக்குத் தெரியும். போடு."

கார் வந்த நேரம்

கிளம்புற அன்னைக்குக் கார் வந்து நின்னுச்சு. மகனும் மருமகளும் போன்ல பேசிக்கிட்டே முன்னால ஏறி உக்காந்துட்டாங்க. மாமி கடைசியாப் படி இறங்கி வந்தாங்க, நான் போட்டுக் குடுத்த காட்டன் புடவையில. கார்ச் சத்தம் கேட்டாலே பொட்டணம் சுருண்டுக்கிடும், அதனால அது பக்கத்துல போயி உக்காந்தேன்.

அது சுருளலை. மாமியைப் பாத்துச்சு. முன்னங்காலை ஊனுச்சு. பின்னால ஒரு கால், அப்புறம் அந்தக் கால். தரையில பட்டதும் வெடவெடன்னு ஆடுது. நான் பிடிக்கப் போயி, பிடிக்காம நிறுத்திக்கிட்டேன். நாலு காலும் ஊனி நின்னுச்சு. "மாமி! மாமி! நிக்குது பாருங்க!"ன்னு நான் கத்துனதுல வாட்ச்மேன் ஓடி வந்தான். மாமி வந்து, அது முன்னால குனிஞ்சு, கழுத்தைக் கட்டிக்கிட்டாங்க. புடவை பூரா கறுப்பு முடி. "உங்களுக்கு இதைக் கண்டாலே ஆகாதே மாமி, அவ்வளவு துட்டை ஏன் குடுத்திய?"ன்னு கேட்டேன். முடியைத் தட்டிவிடாமலே கார்ல ஏறி உக்காந்து சொன்னாங்க: "நான் ரிடையர் ஆனதுக்கப்பறம், நான் வந்தா எழுந்து நின்னது இது ஒண்ணுதான்."

நாய்க்கு இவ்வளவு செலவழிச்சு உனக்கு என்ன மிஞ்சுச்சுன்னு யாராவது கேட்டா, நல்லா நடக்கிற ஒரு நாயும், இன்னும் அரை வருஷத்து ஓசி இஸ்திரியும், வாரம் தவறாம பெங்களூர்லேருந்து 'நிக்கறதா?'ன்னு மட்டும் கேட்டுட்டு வச்சிடுற ஒரு போனும்தான்னு சொல்லுவேன்.