முதுகு தேயாத மட்டை

தம்பி வீட்டில் கதவுக்குப் பின்னால் ஒரு ஹாக்கி மட்டை சாத்தியிருக்கும். அதன் தட்டையான முகம் வார்னிஷ் போய் நார்நாராகத் தேய்ந்துவிட்டது. உருண்ட முதுகுப் பக்கம் நேற்று வாங்கியதுபோல் பளபளக்கிறது. போகும்போதெல்லாம் அதைத் திருப்பிப் பார்ப்பேன்.

ஐம்பதுகளின் நடுவில் நான் பாலக்காட்டில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். மீனாட்சிபுரத்துப் பக்கம் எங்கள் கடலைக்காடு மழையில்லாமல் காய்ந்து கிடந்தது. இருவரைப் படிக்கவைக்க அப்பாவால் ஆகாது. பள்ளி முடித்த தம்பி மாடுகளோடு நின்றுவிட வேண்டியதுதான் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. கல்லூரி ஹாக்கி அணியில் இடம் கிடைத்தால் கட்டணம் கிடையாது என்று நான்தான் சொன்னேன். "பந்தடிச்சாப் படிப்பச் சும்மா குடுப்பாங்களா? நெசமாத்தான் சொல்றியா சாமி?" என்றார் அப்பா. அணியில் இருக்கும்வரைதான் அந்தச் சலுகை, வெளியே வந்தால் அடுத்த பருவமே கட்ட வேண்டும் என்பதையும் சொன்னேன். அவர் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டார். தம்பி இரண்டாவது பாதியைப் பிடித்துக்கொண்டான்.

காலியாக இருந்தது ஒரே இடம். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கருக்குச் சீவிய பனைமட்டையால் விளையாடியவர்கள். அதற்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது, எப்படியும் அடிக்கலாம். நிஜ மட்டையிலோ முதுகு பட்டால் தவறு. இந்த விதி தம்பிக்குத் தெரியும், அவன் கைக்குத் தெரியவில்லை. அணித் தேர்வு தொடங்கிய சற்று நேரத்தில் அவன் மட்டையின் முதுகு பட்டு விசில் ஊதினார்கள். "கள்ளெறக்க வந்தவன் வழி தப்பி வந்துட்டான்போல" என்றான் கோட்டோரம் நின்ற ஒருவன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இரண்டாவது விசிலுக்கு யாரும் சிரிக்கவில்லை. மலையாளியான உடற்பயிற்சி ஆசிரியர் அருகில் வந்து, "இனி ஒரு தடவை புறம் பட்டால் நீ போகலாம், கேட்டோ" என்றார்.

அடுத்து பந்து அவனுடைய இடப்பக்கம் வந்தது. கோல்காப்பாளன் விழுந்து கிடந்தான். முதுகால் ஒரு தட்டு தட்டினால் போதும். தம்பியின் மணிக்கட்டு திரும்பியதைப் பார்த்தேன். அவன் மட்டையைத் தரையிலிருந்து தூக்கிவிட்டு, பந்தைச் சுற்றி ஓடி வலப்பக்கம் கொண்டுவந்து அடித்தான். அதற்குள் காப்பாளன் எழுந்து தடுத்துவிட்டான். எல்லாம் போயிற்று என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

ஆசிரியர் அவனைக் கூப்பிட்டார். "கோல் போனால் போகட்டும். கை நின்னதல்லோ, அது மதி, அது போதும்."

திரும்பி நடக்கையில் தம்பி சொன்னான்: "அந்தப் பக்கம் கட்டையே இல்லீன்னு நெனச்சுக்கிட்டேண்ணா."

மறுவருடம் ஓர் ஆட்டத்தில் தம்பிக்கு முழங்காலில் அடிபட்டது. சொன்னால் அணியிலிருந்து எடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் வீங்கிய காலில் நான் துணி சுற்றிவிடுவேன். அதன்மேல் நீளக் காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடுவான். பட்டம் வாங்கும்வரை யாருக்கும் தெரியாது.

போன வாரமும் மட்டையை எடுத்துத் திருப்பினேன்.

"அதையே என்னத்தப் பாக்கறீங்கண்ணா?"

"அப்புறம் ஒருக்காக்கூட இந்தப் பக்கம் அடிக்கலியாடா?"

"அடிச்சிருந்தா ஊட்டுக்குப் போயிருப்பேன்" என்றான், மடங்காத காலை நாற்காலிக்கு முன்னால் நீட்டிக்கொண்டு.