முதல் நாள் செய்தியில் ‘உயிர்ச்சேதம் இல்லை’

2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை. புயல் கரையைக் கடந்த காலை. பதினொன்றே காலுக்கு, சிதம்பரத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் செல்போனில் ரேடியோ கேட்டபடியே மதில் மேல் எட்டிப் பார்த்தார்.

“மச்சான், கடலூர்ல காத்துதான் ஜாஸ்தியாம். உயிர்ச்சேதம் ஒண்ணும் இல்லியாம். மூஞ்சியத் தொடச்சிக்கினு டீ போடு.”

அதுவரை எனக்கு இருந்தது கவலை. அந்தச் சொல்லைக் கேட்டதும்தான் பயம் வந்தது.

என் மனைவி 27ஆம் தேதி கடலூர் முதுநகரில் தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வீடு. வியாழன் மாலை ஆறரைக்குப் பேசியதோடு சரி, பிறகு லைன் கிடைக்கவில்லை.

2006 முதல் நான் ஒரு நோட்டு வைத்திருந்தேன். பழைய பேப்பர் கடையில் கிடைத்த ஐம்பதுகளின் நாளிதழ்களிலிருந்து புயல், வெள்ளச் செய்திகளை அதில் எழுதி வருவேன். இதழ் தேதி, செய்தி அனுப்பிய தேதி, அனுப்பிய ஊர், வாசகம் என்று நான்கு பத்திகள். “எப்பவோ அடிச்ச புயலுக்கு இப்ப குடை புடிக்கிறாரு” என்று என் மனைவி சிரிப்பாள்.

நான் பார்த்த இதழ்களில், உயிர்ச்சேதம் என்ற சொல் முதல் நாள் அநேகமாக ‘இல்லை’யுடன்தான் வந்தது. தந்தி ஆபீசுக்கு நடந்து வர முடிந்தவர்கள் சொன்னதை நிருபர் அனுப்பினார். வர முடியாதவர்கள் இரண்டு மூன்று நாள் கழித்து, உள்பக்கத்தில், எண்ணிக்கையாக வந்தார்கள். பொய் சொன்னார்கள் என்று சொல்ல மாட்டேன். தெரியாது என்று எழுத வேண்டிய இடத்தில் இல்லை என்று எழுதிப் பழகியிருந்தார்கள்.

அன்று மதியம் நோட்டைப் பிரித்து மூன்றாவது பத்தியில், செய்தி அனுப்பிய ஊர்களின் மேல் மட்டும் விரலை ஓட்டினேன். எல்லாம் தாலுகா ஆபீஸ் இருக்கும் ஊர்கள். கடலோரக் குப்பம் ஒன்றுகூட இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர் மறுபடி வந்தார். “ரேடியோல சொல்றான், அதையும் நம்ப மாட்டியா?”

“எந்த ஊர்லேர்ந்து கேட்டுச் சொல்றான், மச்சான்?”

அவர் போய் பைக்கில் பெட்ரோல் பார்த்துவிட்டு வந்தார். “காலைல வண்டிய எடுக்கறேன்” என்றார்.

சனிக்கிழமை ஐந்து ஐம்பதுக்குக் கிளம்பினோம். ஆலப்பாக்கம் தாண்டியதும் சாலை முழுக்க மரங்கள். வண்டியைத் தள்ளியும் தூக்கியும் போனோம். வழியில் கிடந்த ஒவ்வொரு ஆஸ்பெஸ்டாஸ் துண்டும் அந்த வீட்டுக் கூரையாகவே தெரிந்தது.

பத்து இருபதுக்கு அந்தத் தெரு. வீட்டுக்குக் கூரை இல்லை, கதவு திறந்து கிடந்தது, உள்ளே யாரும் இல்லை. வாசல் சேற்றில் என் மனைவியின் செருப்பு ஒன்று மட்டும். அதைக் குனிந்து எடுத்தேன். “தங்கச்சி!” என்று பக்கத்து வீட்டுக்காரர் கத்தினார்.

எதிர் வீட்டு முன்னால் கூடியிருந்த பெண்களுக்கு நடுவிலிருந்து அவள் திரும்பினாள்.

“நான் நல்லாத்தான் இருக்கேன். அக்காவும் நல்லாருக்கு” என்றாள். பிறகு, இடிந்து கிடந்த எதிர் வீட்டைக் காட்டினாள். “இந்த வீட்டுப் பெரியவர் மேலதான் செவுரு சாஞ்சிடுச்சி. நேத்து காலையிலயே போயிட்டாரு.”

“நேத்தேவா? யாருக்கும் சொல்லலியா?”

“யாருக்குச் சொல்றது? போனு இல்ல, ரோடு இல்ல. இதுவரைக்கும் யாரு வந்து கேட்டாங்க?”

பக்கத்து வீட்டுக்காரர் கையிலிருந்த செல்போனை மெதுவாகச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

என் கை பையிலிருந்த நோட்டுக்குப் போயிற்று. வெட்கப்பட்டுக் கையை எடுத்துக்கொண்டேன். அவள் பார்த்துவிட்டாள். எப்போதும் சிரிக்கிறவள், அன்று சிரிக்கவில்லை.

“எழுதுங்க. நேத்துத் தேதி போடுங்க, இன்னைக்குன்னு போட்டுடாதீங்க.”

நோட்டை எடுத்து 30 என்று தேதியை எழுதினேன். நின்றபடியே மூன்றாவது பத்தியில் முதுநகர் என்று எழுதும்போது நோட்டு வளைந்து கொடுத்தது. அவள் நோட்டின் அடியில் தன் கையைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டாள்.