ஒரே சனிக்கிழமையில் இரண்டு கல்யாணம்

எங்கள் வீட்டில் கோபம் எனக்கு, பொறுமை என் மனைவிக்கு என்று கல்யாணமான புதிதிலேயே பாகம் பிரித்தாகிவிட்டது. இன்றுவரை அந்த ஏற்பாட்டில் மாற்றமில்லை. மலேசியாவின் மூவாரில் ஒரு மேசை நாற்காலித் தொழிற்சாலையில் மேற்பார்வையாளனாக இருக்கிறேன். நாற்காலியின் ஒரு கால் துளி தள்ளாடினாலும் என் குரல் சாலைவரை கேட்கும். பிறகு நானே குனிந்து அதைச் சரிசெய்துவிட்டு, திட்டு வாங்கியவருக்கு ஆற்றி நுரை தள்ளிய டீ, எங்கள் ஊர் தே தாரே, வாங்கிக் கொடுப்பேன். "இதுக்கு மொதல்லயே வாயை மூடிக்கிட்டு இருக்கலாம்ல?" என்பாள் மனைவி. இருக்கலாம்தான்.

எங்கள் தேவாலயம் சின்னது. ஞாயிறு காலை எட்டு மணிக்குத் தமிழ் ஆராதனை, பதினொரு மணிக்குச் சீன ஆராதனை. நாங்கள் வெளியே வரும்போது அவர்கள் உள்ளே போவார்கள். வாசலில் ஒரு புன்னகை, ஒரு கைகுலுக்கல், ஒரு 'ஹாப்பி சண்டே', அத்தோடு சரி. ஒரே கூரை, ஒரே கர்த்தர், ஆனால் சமையலறையில் அவர்கள் காப்பித்தூள் டின் வேறு, எங்கள் டின் வேறு. இத்தனை வருடமாக யாருக்கும் அது வினோதமாகப் படவில்லை.

என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை லாபிஸ் பக்கத்துப் பிள்ளை. ஜோகூர் பாருவில் வேலை பார்த்தபோது அங்கே ஒரு சபைக்குப் போய்வந்து, ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டவர். அதெல்லாம் என் மகளைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே நடந்தது. ஆனாலும் அவருடைய அப்பாவின் மனத்தில் குற்றவாளி நாங்கள்தான். சம்பந்தி லாபிஸில் செம்பனைத் தோட்டம் வைத்திருப்பவர், ஊர்க் கோயில் கமிட்டியில் இருப்பவர், நேர்மையானவர். சுற்றிவளைக்காமல் சொல்லிவிட்டார்.

"கல்யாணத்துக்கு வருவேன் சம்பந்தி. தாலி எங்க வீட்டுது. ஆனா சர்ச்சுக்குள்ள கால் வைக்க மாட்டேன். வாசல்ல நின்னுக்கிறேன்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மகன் கல்யாணத்தில் வாசலில் நிற்கிறவர் வராமலே இருந்துவிடலாமே என்று வாய்வரை வந்துவிட்டது. மனைவி என் முழங்கையைப் பிடித்து ஒரு கிள்ளு கிள்ளினாள், வார்த்தை திரும்பித் தொண்டைக்குள் போனது. சனிக்கிழமை ராகு காலம் பத்தரைக்கு முடிகிறது, அதற்குப் பிறகு, பன்னிரண்டுக்குள் தாலி ஏற வேண்டும் என்றும் அவர் கேட்டார். அதையும் ஒத்துக்கொண்டோம். "நாள் பூரா கர்த்தரோடதுதான். அதுல அவருக்குப் பிடிச்ச நேரத்த எடுத்துக்கிட்டா நமக்கென்ன குறைஞ்சிடும்?" என்றாள் மனைவி. போதகரும் சிரித்துக்கொண்டே பத்தரை மணி என்று குறித்துக்கொண்டார்.

மகள் மட்டும் சிரிக்கவில்லை. அன்று மாலை துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "அப்பா, எனக்கு ஆடம்பரமா எதுவும் வேணாம். அவர் உள்ள வந்து அவங்க மகன் பக்கத்துல நின்னா போதும். இல்லன்னா இவரு வாழ்நாள் பூரா வாசலையே திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டு இருப்பாரு." அவள் என்னிடம் கேட்ட ஒரே கல்யாணச் சீர் அதுதான். கட்டில், பீரோ என்று கேட்டிருந்தால் என் தொழிற்சாலையிலேயே செய்துகொண்டுவந்து இறக்கியிருப்பேன். இதை எந்த மரத்தில் செய்வது?

எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் இன்ன தேதியில் திருமணம், தடை ஏதும் இருந்தால் சொல்லலாம் என்று போதகர் ஆராதனையில் அறிவிப்பார். முறைப்படி மூன்று வாரமும் வாசித்தார். எங்களில் யாருக்கும் ஒரு தடையும் இல்லை. அதே மூன்று ஞாயிறும், பதினொரு மணிக்கு, அதே மேடையில், சீனப் போதகர் மாண்டரினில் ஒரு கல்யாணத்தை அறிவித்துக்கொண்டிருந்தார். அதே சனிக்கிழமை, அதே பத்தரை மணி. அங்கேயும் ஒருவருக்கும் தடை இல்லை. ஞாயிற்றுக்கிழமையைத்தான் இரண்டு சபையும் பங்கு போட்டு வைத்திருந்தோம். சனிக்கிழமைக்குச் சொந்தக்காரர் இல்லாததால் இருவருமே அது நம்முடையது என்று நினைத்துவிட்டோம். தடை இருந்தது என்னவோ அடுத்த ஆராதனையில். அதைக் கேட்க அங்கே ஒரு தமிழனும் இல்லை, எங்கள் ஓலையைக் கேட்க இங்கே ஒரு சீனரும் இல்லை.

வெள்ளிக்கிழமை பிற்பகல் தேவாலயத்தை ஜோடிக்கப் போனோம். மல்லிகைச் சரமும் சாமந்தியும் வண்டி நிறைய இருந்தன. வாசலில் ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது. ஒரு சீனப் பெரியவர் கூடை கூடையாக லில்லிப் பூவை இறக்கி, வாசற்படியோடு வைத்துவிட்டு, உள்ளே போகாமல் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி உள்ளேயிருந்து வந்தார். வாரா வாரம் எனக்கு 'ஹாப்பி சண்டே' சொல்கிற அம்மாள்தான். எங்கள் பூவைப் பார்த்தார், நாங்கள் அவர் பூவைப் பார்த்தோம்.

"யாருக்குக் கல்யாணம்?" என்று மலாயில் கேட்டார். "மகளுக்கு. நாளைக்கு" என்றேன். "அலமாக்! எனக்கு மகனுக்கு. நாளைக்கு!"

அப்புறம் நான் போட்ட சத்தத்தை இங்கே எழுத வேண்டாம். இரண்டு போதகர்களும் ஓடி வந்தார்கள். சீனக் கல்யாணத்தை முன்னால் தள்ள முடியாது, அவர்களுடைய பெண் வீட்டார் சிங்கப்பூரிலிருந்து பாலம் தாண்டி வர வேண்டும், சனிக்கிழமை நெரிசலை யார் கண்டது? பின்னால் தள்ளினால் உணவகத்தில் மதிய விருந்து ஆறிப்போகும். எங்களுக்கோ பத்தரைக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் இம்மியும் நகர முடியாது. நகர்ந்தால், அரைமனதோடு வருகிற சம்பந்தி வாசலிலிருந்து பேருந்து நிலையத்துக்கே போய்விடுவார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபக்காரனுக்கு அழுகை வந்தால் இன்னும் சத்தமாக வரும்.

அந்தச் சீன அம்மாள் என் மனைவியைப் பார்த்தார். இருவரும் தலையை ஆட்டிக்கொண்டார்கள். எப்போது பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

"புவாட் சாமா-சாமா லா," என்றார் அந்த அம்மாள்.

"சேர்ந்தே செஞ்சிடலாம்னு சொல்றாங்க. அதுதாங்க சரி," என்றாள் என் மனைவி, ஏதோ எனக்கு மலாய் தெரியாததுபோல.

அரை மணி நேரத்தில் மல்லிகையும் லில்லியும் கலந்துவிட்டன. இடப்பக்கம் எங்களுக்கு, வலப்பக்கம் அவர்களுக்கு என்று ஆரம்பித்தார்கள், ரிப்பன் போதவில்லை, ஊசி போதவில்லை, கடைசியில் எந்தப் பூ எந்த வீட்டுப் பூ என்று சொல்ல முடியவில்லை. சமையலறையில் யாரோ காப்பி கலக்கினார்கள். எந்த டின்னிலிருந்து எடுத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

சம்பந்தியைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. மகள்தான் பேசினாள். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "எத்தன ஜோடி நின்னா எனக்கென்னம்மா? நான்தான் வெளிய நிக்கப் போறேனே," என்றாராம். மகள் தொலைபேசியை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். அவள் குரலில் வருத்தம்தான் இருந்தது, கோபம் இல்லை. "அப்பா, அவர் நிக்கிற எடத்துல ஒரு நல்ல நாற்காலி போடுங்க. மாமா கால் வலிக்க நிக்கக் கூடாது." இந்தக் குணம் என்னிடமிருந்து வரவில்லை என்று எல்லாருக்கும் தெரியும். மறுநாள் காலையில் தொழிற்சாலையிலிருந்து, ஏற்றுமதிக்கு வைத்திருந்த வகையில் இரண்டு கைநாற்காலிகளை முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்து வாசலில் போட்டேன். ஒன்று தனியாக இருந்தால் தண்டனை நாற்காலி மாதிரி தெரியும் என்று இரண்டு.

இரண்டாவது நாற்காலி வீணாகவில்லை. சீன மாப்பிள்ளையின் அப்பா, அந்த லாரிக்காரப் பெரியவர், வீட்டில் சாமி மேடை வைத்து ஊதுபத்தி ஏற்றுகிறவர். அவரும் உள்ளே வருகிற ஆளில்லை. சம்பந்தி ஒரு நாற்காலியில், அவர் ஒரு நாற்காலியில். நான் விருந்தாளிகளை வரவேற்கிற சாக்கில் போகவர எட்டிப் பார்த்தேன். செம்பனை விலையைப் பற்றியும் டுரியான் மரத்துப் பூச்சியைப் பற்றியும் மலாயில் தீவிரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே அப்படி ஒரு ஆராதனையை எங்கள் தேவாலயம் கண்டதில்லை. பட்டுச்சேலை அக்காமார் நகர்ந்து உட்கார, குட்டைப் பாவாடைச் சீனப் பெண்கள் இடுக்கில் உட்கார்ந்தார்கள். முதல் பாட்டு இரண்டு சபைக்கும் தெரிந்த மெட்டு, அவரவர் மொழியில் பாடச் சொன்னார்கள். நாங்கள் தமிழர்கள் இழுத்துப் பாடுகிறவர்கள், அவர்கள் சட்டென்று முடிப்பவர்கள். ஒவ்வொரு அடியின் முடிவிலும் அவர்கள் நின்று எங்களுக்காகக் காத்திருந்தார்கள். மூன்றாவது சரணத்தில் நாங்கள் கொஞ்சம் ஓடினோம், அவர்கள் கொஞ்சம் இழுத்தார்கள், கடைசி அடியில் எல்லாரும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தோம். அப்போது எழுந்த சிரிப்பில் சீனப் போதகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் சந்தோஷமாக இருந்தேன். ஆனால் மாப்பிள்ளை மட்டும், மகள் சொன்னதுபோலவே, பாட்டுக்கு நடுவில் வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் சீன ஜோடி மோதிரம் மாற்றிக்கொண்டது. பிறகு எங்கள் முறை. போதகர் தாலிக்காக ஜெபித்து, தேங்காய்மேல் தாலி வைத்த தட்டை என் கையில் கொடுத்தார். முன்வரிசையில் இருக்கிற இரு வீட்டுப் பெரியவர்களும் அதைத் தொட்டு ஆசீர்வதிப்பது எங்கள் வழக்கம். இரண்டு மூன்று பெஞ்சு தாண்டியதும் தட்டு திரும்பிவிட வேண்டும். என் கால் திரும்பவில்லை. நடுப்பாதையில் நேராக வாசலை நோக்கி நடந்தேன். கோபத்தில் போனேனா அன்பில் போனேனா என்று கேட்டால் இன்றைக்கும் பதில் தெரியாது. உள்ளே வரமாட்டாரா, சரி, தாலி வெளியே போகட்டும், அவ்வளவுதான் மனத்தில் இருந்தது.

வாசலில் தட்டை நீட்டினேன். சம்பந்தி கையை எடுப்பதற்குள் லாரிக்காரப் பெரியவர் எழுந்துவிட்டார். உள்ளே எல்லாரும் தொட்டதைக் கவனித்திருப்பார் போலிருக்கிறது. பயபக்தியோடு தாலியைத் தொட்டார். அது போதாது என்று தோன்றியதோ என்னவோ, சட்டைப்பையிலிருந்து அங்பாவ், பணம் வைத்த சிவப்பு உறை, ஒன்றை எடுத்துத் தேங்காய்மேல் வைத்தார்.

சம்பந்திக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பார்றா, இவரு மொய்யே வெச்சிட்டாரு!"

பெரியவரும் காரணம் தெரியாமலே சிரித்தார். பிறகு தாலியைக் காட்டி, "அனாக் சியாப்பா?" என்று கேட்டார். யாருடைய பிள்ளைக்கு?

சம்பந்தி என்னிடம் பேசும்போதெல்லாம் தன் மகனை 'உங்க மாப்பிள்ளை' என்றுதான் சொல்லுவார். ஒரு தடவைகூட வேறு மாதிரி சொன்னதில்லை. அவர் தட்டைப் பார்த்தார். உள்ளே பார்த்தார். அங்கே பட்டு வேட்டியில் ஒரு இளைஞன் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அனாக் சாயா," என்றார். என் பிள்ளைக்கு.

சொன்னதும் அவருடைய முகம் கோணியது. என் ஆயுளில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த முக்கியமான தருணம் அதுதான்.

"குடுங்க சம்பந்தி," என்று தட்டில் கை வைத்தார். "மாப்பிள்ளை வீட்டுத் தாலியப் பொண்ணு வீட்டுக்காரரு தூக்கிக்கிட்டுத் திரிவாரா? ஊரு சிரிக்கும்."

செருப்பைக் கழற்றி நாற்காலிக்கடியில் விட்டார். எங்கள் தேவாலயத்தில் யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை, அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெறும் காலோடு, தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, கோயிலில் நடப்பது போலவே நிதானமாக நடந்தார். பின்னால் லாரிக்காரப் பெரியவர் தானும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்தார். அவருடைய மகன் நின்ற இடத்திலேயே வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தான். என் மனைவியும் அந்தச் சீன அம்மாளும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள், சிரித்தார்கள், மறுபடி அழுதார்கள்.

சம்பந்தி தட்டைப் போதகர் கையில் கொடுத்தார். பிறகு எங்கே நிற்பது என்று தெரியாமல் ஒரு நொடி தடுமாறினார். மகள் கொஞ்சம் நகர்ந்து மாப்பிள்ளை பக்கத்தில் இடம் விட்டாள். அவர் அங்கே போய் நின்று மகனை மேலும் கீழும் பார்த்தார். தோளிலிருந்து நழுவியிருந்த அங்கவஸ்திரத்தை எடுத்து மடித்து மறுபடி போட்டுவிட்டார்.

"நேரா நில்லுடா," என்றார். "தாலி கட்டப் போற."